கூரை மட்டும் கறுப்பு

நான் கேட்டது வெள்ளை வண்டி. வெள்ளை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பால் வாங்கி வரச் சொன்னால் பாதி பாலும் பாதி டீயுமாகவா வாங்கி வருவார்கள்? என் வீட்டுக்காரர் அப்படித்தான் வாங்கி வந்தார்.

வண்டி என் பேரில், கடன் என் பேரில், ஓட்டப்போவதும் நான்தான். புக்கிங் நடந்த அன்று மட்டும் முதலாளியின் வாடகை வண்டியில் வெளியூர் சவாரியில் மாட்டிக்கொண்டேன். கையெழுத்தெல்லாம் முன்பே போட்டுக் கொடுத்தாயிற்று. ஷோரூமுக்குப் போய் நிறத்தைச் சொல்லிவிட்டு வரும் ஒரே ஒரு வேலைதான் அவருக்கு மிச்சம். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன், முழு வெள்ளை, ஆஸ்பத்திரியில் வேறு எதையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று. தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

ஆஸ்பத்திரி என்றால் எங்கள் ஊரின் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கும் நர்சுகளை வீட்டிலிருந்து அழைத்து வந்து, முடிந்ததும் கொண்டுபோய் விடுவதற்கு ஒப்பந்தத்தில் வண்டி எடுக்கிறார்கள். ஓட்டுவது பெண் என்றால் முதலில் கூப்பிடுவார்கள். அந்த இடம் கிடைத்துவிட்டால் நான் இன்னொருவன் வண்டியைத் துடைத்து, இன்னொருவன் கையிலிருக்கும் சாவிக்காக வாசலில் நிற்கவேண்டியதில்லை. இத்தனை வருஷமாக அதற்காகத்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன்.

வண்டி எடுக்கப் போனபோது துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். டை கட்டிய விற்பனையாளர் துணியை ஒரே இழுப்பில் உருவினார். கீழே பளபளவென்று வெள்ளை. மேலே, கூரை முழுக்க, அண்டங்காக்கைக் கறுப்பு. 

"டூயல் டோன் மேடம், ரெண்டு கலர். சாரோட செலக்‌ஷன்," என்று அவர் கைதட்டினார். சார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தபடி நின்றார். சாவி கொடுப்பதைப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் சந்தோஷமாகச் சிரிப்பதாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். நான் என்ன சொன்னேன், நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டி வெள்ளைதானே என்றார். கூரை எந்த நிறம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"கூரைய யாரு பாக்கப் போறா?"

இந்த இரண்டாவது நிறத்துக்குத் தனியாகக் காசு. அதை அவர் தன் கையிலிருந்து கட்டியிருக்கிறார். செருப்பு அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு நடக்கிற மனுஷன். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. ரசனை கெட்ட மனுஷனுக்குத் திடீரென்று ரசனை வந்து தொலைத்திருக்கிறது என்றுதான் எண்ணினேன்.

அக்கா வந்து பார்த்தாள். என் அக்காவுக்கு என் வீட்டுக்காரர் என்றால் உயிர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கூரையைத் தடவிப் பார்த்தாள். "உனக்கு வாச்ச மாதிரி யாருக்குடி வாய்க்கும்? பாத்துப் பாத்து வாங்கியிருக்காரு, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க," என்று என்னைத்தான் திட்டினாள். குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், என்னை வண்டி ஓட்ட விட்டிருக்கிறார். 'விட்டிருக்கிறார்' என்பது அவள் வார்த்தை. அவர் சாது, நான் சண்டைக்காரி. எங்கள் குடும்பத்தில் இது எப்போதோ சொல்லி முடித்த தீர்ப்பு, அப்பீலே கிடையாது.

சரி, நடந்தது நடந்துவிட்டது, ஒருவேளை ஆஸ்பத்திரியில் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்று வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். அங்கே வண்டிகளுக்குப் பொறுப்பான மேடம் கீழே இறங்கி வந்து பார்த்தார். கட்டை குட்டையான ஆள், என் தோளுக்குத்தான் வருவார். டயரைப் பார்த்தார், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரி, மேலே போய்க் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று போனார். நான் ஒரு பெருமூச்சு விட்டேன். விட்ட மூச்சு அடங்குவதற்குள் மாடி ஜன்னலிலிருந்து அவர் தலை எட்டிப் பார்த்தது.

"என்னம்மா இது, மேல தார் ஊத்தி வச்சிருக்கீங்க?"

மாடிக்கு ஓடினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம், எனக்குப் பழக்கமில்லாத வேலை அது. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. முழு வெள்ளை என்று எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வண்டிக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஆளாளுக்கு மஞ்சளும் பச்சையுமாக வந்து நிற்பார்கள் என்றார். ஆனாலும் என் இடத்தை மாசக் கடைசிவரை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் முழு வெள்ளையாக வந்தால் நான், வராவிட்டால் வரிசையில் அடுத்தது யாரோ அவர். கீழே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்கு வந்தபடியெல்லாம் கத்தினேன். ஸ்டியரிங் மட்டும்தான் கேட்டது.

அன்று சாயங்காலமே கூரைக்கு வெள்ளை அடிக்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எதற்கும் மறுத்துப் பேசாத மனுஷன் அன்று மறுத்தார். புது வண்டியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார். கூரைக்கு என்ன வாரண்டி, அது ஓடவா போகிறது என்று கேட்டேன். மறுநாள் வேறு காரணம், விற்கும்போது விலை போகாது. அதற்கு மறுநாள், வெளியே அடிக்கிற பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். பொய் சொல்பவனுக்குத்தான் தினம் ஒரு காரணம் வேண்டும். எனக்கு ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணம் போதுமாயிருந்தது. அவர் ஆஸ்பத்திரி பற்றி மட்டும் பேசவே இல்லை. நானாக எடுத்தால், வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்றார், ஏதோ காய்ச்சலுக்குப் போகிற மாதிரி.

இப்படி இழுபறியில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. நான் கிடைத்த சவாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நல்ல மழை. பெரிய நாற்சந்தியைத் தாண்டி, பெட்ரோல் பங்க் ஓரமாக வரும்போது பின் டயர் பஞ்சர். ஜாக்கியை வைத்துத் தூக்குமுன் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். ஒரு போல்ட்டு மட்டும் அசைவேனா என்றது. ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்று, குதித்துக் குதித்து அதைத் திருப்பினேன். உள்ளாடைவரை நனைந்து, முழங்காலெல்லாம் சேறு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் குடைக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தார்கள். எதிர்ப்பக்கக் கட்டடத்தில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸ், மேல்மாடியில். கூப்பிடலாமா என்று தோன்றியது. வேலை நேரத்தில் அவரை எதற்கு மழையில் இழுக்கவேண்டும் என்று விட்டுவிட்டேன். பாருங்கள் என் பரிதாபத்தை.

இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னிக்கு பங்க் ஓரமா அவ்வளவு நேரம் நின்னியே, யாருக்காக?"

பஞ்சர் என்றேன். ஓ என்றார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான் நின்றது இவருக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. கையில் சோப்பு நுரையோடு போய்க் கேட்டேன். யாரோ சொன்னார்கள் என்றார். யார் என்றேன். ஞாபகமில்லை என்று விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். தூரத்தில் இருப்பது தெரிவதற்கான கண்ணாடி. அது இல்லாமல் பஸ் நம்பர்கூட அவருக்குத் தெரியாது. பாவம், தடுமாறுவாரே என்று எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஆபீசுக்குள் நான் போய் எத்தனையோ காலமாகிறது. பழைய மூலையில் அவர் மேஜை இல்லை. ஜன்னலோரத்தில் இருந்தது. அவர் மேனேஜர் அறைக்குள் இருந்தார். பக்கத்து மேஜை கேஷியர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முகமெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க வாங்க, கறுப்புக் கூரை அம்மா!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். சார் கேட்டு வாங்கிய இடமாம் அது. நாற்சந்தியில் என் வண்டி வந்தால் சார் 'வந்துட்டா' என்பாராம், உடனே இவர்களும் எட்டிப் பார்ப்பார்களாம். இன்றைக்கு இடது பக்கம் திரும்புமா வலது பக்கமா என்று இவரும் தட்டச்சு செய்கிறவரும் டீக்கு பந்தயம்கூடக் கட்டியிருக்கிறார்களாம். மனைவி மேல் இப்படிப் பிரியம் வைத்த மனுஷனைத் தான் பார்த்ததே இல்லை என்றார். மனதாரத்தான் சொன்னார், அந்த அப்பாவி.

ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். நாற்சந்தி முழுக்க வண்டிகள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் கூரைகள்தான், அதிலும் பாதிக்கு மேல் வெள்ளை. எது டாக்சி, எது சொந்த வண்டி, எதில் ஆண், எதில் பெண், ஒன்றும் தெரியவில்லை. பங்க் ஓரமாக நான் நிறுத்திவிட்டு வந்த என் வண்டி மட்டும் பாலில் விழுந்த ஈ மாதிரி தனியாகத் தெரிந்தது. நம்பர் பார்க்கவேண்டாம், கண்ணைச் சுருக்கவேண்டாம். வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்பு, அவ்வளவுதான்.

என் வண்டியில் நான் பார்க்கவே முடியாத பக்கம் ஒன்று உண்டென்றால் அது கூரைதான். அதைத்தான் அவர் காசு கொடுத்துத் தனக்கென்று வாங்கியிருக்கிறார்.

அவர் வெளியே வந்தார். ஜன்னலருகே என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தேன். அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அங்கே வாயைத் திறந்திருந்தால் மேஜை, நாற்காலி, கேஷியர் எல்லாம் ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"கூரைய யாரு பாக்கப் போறான்னு கேட்டீங்களே. யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வழக்கமான மெல்லிய குரலில் பூசி மெழுகினார். ஊர் கெட்டுக் கிடக்கிறதாம், யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போகிறேனாம், நல்லபடியாகப் போகிறேனா என்று பார்த்தால் அவருக்கு நிம்மதியாம். எல்லாம் அக்கறைதானாம். அக்கறைக்காக என் ஒப்பந்தத்தைத் தொலைப்பீர்களா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிச் சவாரி ஊருக்கு அந்தப் பக்கம், அந்த வழியெல்லாம் நாற்சந்திக்கு வராது என்று நினைத்தேன் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. சாதுவின் சாயம் என் கண் முன்னால் வெளுத்தது.

"அன்னிக்கு மழையில நான் ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சேனே. அதையும் பாத்தீங்களா?"



"பாத்தேன்."

"ஏன் இறங்கி வரல?"

"யாராவது வராங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

கோபம் வந்தால் எனக்கு வார்த்தை அருவியாகக் கொட்டும், தெருவே ஜன்னலைச் சாத்தும். அன்று திரும்பி நடந்து வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.  நான் சேற்றில் முழங்கால் போட்டுக் கிடந்த நேரமெல்லாம் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மழை படாத இடத்தில் உட்கார்ந்து, என்னைத் தேடி எவனாவது வருகிறானா என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்திருக்கிறார். என் புருஷனே இறங்கி வந்திருந்தால், என்னைத் தேடி ஒருவன் வந்ததாகத்தான் இருந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். ஆம்பளைன்னா கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்க, பெரிசு பண்ணாதே என்றாள். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை.

மறுநாள், வண்டியை முதல் சர்வீசுக்கு விடுகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு வண்டியை டேப்பிடம் கொண்டுபோனேன். டேப்பு என்பது அந்த பெயிண்டருக்கு ஊர் வைத்த பேர். பெயிண்ட் படக்கூடாத இடங்களில் ஒட்டுகிற தாள் டேப்புகளை எந்நேரமும் வளையல் மாதிரி முன்னங்கையில் மாட்டிக்கொண்டிருப்பார். வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரில் இருக்கிறவன் எல்லாம் வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து கூரைக்குக் கறுப்பு அடித்துக் கொடு என்று உயிரை எடுக்கிறான், நீங்கள் கம்பெனியே அடித்துக் கொடுத்ததை அழிக்கச் சொல்கிறீர்களே, வீட்டில் சண்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

கண்ணாடிகளைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றி, டேப்பும் பழைய பேப்பருமாக வண்டியை மூடினார். பிறகு தண்ணீர் தெளித்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எனக்கும் ஒரு தாளைக் கொடுங்கள் என்று வாங்கி, ஸ்டூலைப் போட்டு ஏறி, மறுபக்கத்திலிருந்து தேய்த்தேன். கறுப்புக் குழம்பு கதவு வழியாக வழிந்தது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது, நிறுத்தவில்லை.

"அக்கா, கோவத்த என் மேல காட்டுங்க, தாங்கிக்கறேன். கூரை மேல காட்டாதீங்க, பள்ளம் விழுந்தா மறுபடி பட்டி பூசி அடைக்கணும்," என்றார் டேப்பு.

அப்போதுதான் என் கைக்குக் கீழே ஒரு வெளுப்பு தெரிந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். வெள்ளை. அடியில் ஏற்கெனவே வெள்ளைதான் இருந்தது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு முதலில் முழுக்க வெள்ளை அடித்துவிட்டு, பிறகுதான் கூரைக்கு மட்டும் கறுப்பை மேலே அடிப்பார்கள் என்றார் டேப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். நான் கேட்ட வண்டியைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் இந்த மனுஷன் ஒரு பூச்சுப் பூசச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளை அடித்து, காய்ந்து, மேல்பூச்சும் ஏறி மினுங்கியது. வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போய் நிறத்தையும் மாற்றி எழுதிக்கொண்டேன். வீட்டுக்குப் போகாமல் அங்கிருந்து வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மேடம் இந்த முறை கீழே இறங்கவே இல்லை. ஜன்னலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, கையை ஆட்டிக் கூப்பிட்டார். கையெழுத்தாயிற்று.

அன்றே முதல் சவாரிக்கு மூன்று நர்சுகள் ஏறினார்கள். அதில் ஒருத்தியின் வீடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் பின்தெருவில். இதுதான் வேடிக்கை. எந்த நாற்சந்திக்கு வண்டி வராது என்று அவர் கணக்குப் போட்டாரோ அதே நாற்சந்தியில் சிவப்பு விழுந்து நின்றேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சர்வீஸ் முடிஞ்சுதா? எங்க இருக்க?" என்றார்.

"நாற்சந்தியில."

நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. "எங்க? நான் இங்கதான் நிக்கறேன். காணோமே."

"சிக்னல்லதான் நிக்கறேன்."

"எந்தப் பக்கம்? கறுப்பே தெரியலையே." அவர் குரலில் முதல்முறையாக ஒரு பதற்றம். பின்னால் கேஷியர், என்ன சார், இன்னிக்கு வரலையா என்று கேட்பது காதில் விழுந்தது. 

"சொல்லு, எந்தப் பக்கம்?"

"இறங்கி வந்து பாருங்க," என்றேன்.

பச்சை விழுந்தது. எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி, பின்னால் ஒரு வெள்ளை வண்டி. போனை அணைத்துவிட்டு நானும் அவற்றோடு கிளம்பினேன்.